ஓரகத்திக்குத் தைத்த சாக்குகள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று வருஷமாக நோட்டை எடுப்பதும் மூடி வைப்பதுமாக இருந்தேன். ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான், எழுத்து சரியாக வராது என்று சாக்குச் சொல்லிக்கொண்டேன். எழுதினால் என் மானம் போகும் என்பதுதான் உண்மை. மாரியம்மன் சன்னதியில் அழுது சொல்லியாகிவிட்டது. இனி மனுஷரிடமும் சொல்லிவிடுகிறேன்.

கொரோனா சமயம் அது. எங்கள் ஊர் காமயகவுண்டன்பட்டிக்குப் பக்கம், முல்லையாற்றங்கரையில் இருக்கிறது. ஆற்றில் தண்ணீர் ஏறினால் கீழத்தெருக்காரர்கள் பாய் படுக்கையோடு பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுவார்கள். அந்த வருஷம் பள்ளிக்கூடம் முழுக்க நோயாளிகளின் கட்டில். போக இடமில்லை. மண் மூட்டை அடுக்கிக் கரையை உயர்த்துவோம் என்று முன்னால் நின்றவள் என் ஓரகத்தி, கொழுந்தனின் மனைவி. என்னைவிட ஆறு வயது இளையவள், மகளிர் குழுவின் தலைவி.

என் கணவருக்குத் தொற்று வந்து எங்கள் வாசலில் தகரம் அடித்திருந்தார்கள். ஜன்னல் வழியாகக் காதில் விழுவதெல்லாம் அவள் பேச்சுதான். படுக்கையில் கிடந்த இவரும் ஆரம்பித்தார்.

"ஒன் ஓரகத்தியப் பாத்தியா? ஆம்பளைக எல்லாம் அவ சொன்ன இடத்துல நிக்கிறாக."

"பேசாமப் படுங்க. அவளப் பத்திப் பேசுனா மட்டும் மூச்சு நல்லா வருதாக்கும்."

"நர்சம்மாகிட்டச் சொல்லி வயித்தெரிச்சலுக்கும் ஒரு மாத்திரை வாங்கட்டுமா?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கடைகள் பூட்டிக் கிடந்ததால் புதுச் சாக்கு கிடைக்கவில்லை. வீடு வீடாகக் கிழிந்த உரச்சாக்குகளைச் சேகரித்து, தையல் மிஷின் இருக்கிற வீடுகளுக்குக் கொடுத்தார்கள். எங்கள் வீட்டுக்கு ஒரு கட்டுச் சாக்கை ஓரகத்தி தகரத்துக்கு மேலாகத் தூக்கிப் போட்டாள்.

"அக்கா, அடியில ரெட்டைத் தையலாப் போட்டுருங்க. ஈர மண்ணு கனக்கும். தச்சதக் கிருமி சாக வெயில்ல காயப் போடுங்க, நாளைக்கு எடுத்துக்கிறோம்."

"எனக்கே தையல் சொல்லித் தர்றியா?"

"ஐயோ, ஒங்ககிட்டத்தான நான் ஜாக்கெட் வெட்டப் பழகுனேன்!" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். அதுவும் எனக்கு நடிப்பாகத்தான் பட்டது.

முதல் பத்துச் சாக்கை ஒழுங்காகத் தைத்தேன். அப்போது வெளியே யாரோ, "இந்தப் புள்ள மட்டும் இல்லேன்னா கீழத்தெரு என்னாயிருக்கும்" என்று பேசிக்கொண்டு போனார்கள். என் கை மிஷினில் தையலின் நீளத்தைக் கூட்டும் திருகைத் திருப்பிவிட்டது. மீதி எல்லாம் ஒற்றைத் தையல், எட்டி எட்டி விழுந்த தையல். கரை ஓர் இடத்தில் கசியட்டும், அவள் தலை கொஞ்சம் குனியட்டும் என்று நினைத்தேன். கீழத்தெருவில் கைக்குழந்தைகள் இருப்பது எனக்குத் தெரியாதா? தெரியும். அன்று விளக்கேற்றிக் கணவருக்காக வேண்டியபோது அம்மனை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

நாலாம் நாள் விடிந்ததும் மலையில் பெய்த மழையெல்லாம் ஆற்றில் இறங்கிவிட்டது. தண்ணீர் மூட்டைகளைத் தொட்டுவிட்டதாக மைக்கில் சொன்னார்கள். அவளுக்குப் போன் போட்டேன்.

"ஏத்தா, நான் தச்ச சாக்கு தாங்காது, எடுத்துரு. ஒத்தத் தையல்தான் போட்டேன். வேணும்னேதான் போட்டேன்."

அந்தப் பக்கம் ஆற்றுச் சத்தம் கேட்டது. அதற்கு மேல் குரலை உயர்த்திச் சொன்னாள்: "முந்தாநாளே பாத்துட்டேங்க்கா. ஒன்னுக்குள்ள ஒன்னு சொருகித்தான் மண்ணு ரொப்பிருக்கோம். மாமாவுக்குக் காச்சல் எறங்குச்சா?"

கரை நின்றது. கீழத்தெருவில் ஒரு வீட்டிலும் தண்ணீர் ஏறவில்லை. எனக்கு நிம்மதிதான், ஆனால் கூடவே இன்னொன்றும் வந்தது. இவளால் எப்படி இத்தனை நல்லவளாக இருக்க முடிகிறது என்று வயிறு எரிந்தது.

நோய் அடங்கிய பிறகு ஊர்க்கூட்டத்தில் அவளுக்குச் சால்வை போட்டார்கள். மைக்கை வாங்கி, "எங்கக்கா வீட்ல நோயாளிய வச்சுக்கிட்டும் சாக்குத் தச்சுக் குடுத்தாக" என்றாள். எல்லோரும் கை தட்டி, எனக்கும் ஒரு சால்வை போட்டார்கள். நானும் உண்மையைச் சொல்லாமல் அதைப் போர்த்திக்கொண்டேன்.

இப்போதும் கம்பம் பஸ்ஸில் யாராவது அந்த வெள்ளத்தைப் பேசினால், ஓரகத்திகள் இரண்டு பேரும் சேர்ந்து கரையைக் காத்தார்கள் என்கிறார்கள். இல்லை. காத்தது அவள். அவள் வாசலில் நாலு பேர் வந்து நின்றால் இன்றைக்கும் எனக்குப் பொறுக்கவில்லை. இதைப் படிக்கிறவர்கள் அடுத்தவருக்குச் சொல்லுங்கள். ஆனால் என் பங்கை அழகாக்கிவிடாதீர்கள். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன் என்று சேர்த்துவிடாதீர்கள், இன்னும் கேட்கவில்லை. எழுதியிருக்கிறபடியே சொல்லுங்கள்.