கட்டில் காலில் கட்டிய பிள்ளை

கொலுசு பற்றவைக்கிற வேலைக்கு வாய் வேண்டும். பேசுவதற்கு இல்லை, ஊதுவதற்கு. அதனால்தான் ஐந்தாவதோடு நின்ற, நாலு பேர் முன்னால் வாய் திறக்காத எனக்கு இது ஒத்துவந்தது. வெள்ளி வளையங்களைக் கோத்து, ஒட்டுப்பொடி வைத்து, சீமெண்ணெய் விளக்கின் சுடரைக் குழாயால் ஊதி ஒட்டவேண்டும். எங்கள் முன்னறையில்தான் விளக்கு, அங்கேதான் பிள்ளையும். வீட்டுக்குள் நெருப்பை வைத்துப் பிழைக்கிற அக்கா தங்கச்சிகளுக்கு மேற்கொண்டு சொல்லவே வேண்டாம்.

புது ஆள்

பையனுக்கு அப்போது ஒன்றரை வயது. நான் கன்னம் உப்ப ஊதுவதைப் பார்த்துப் பார்த்து, ஒருநாள் பப்பாளி இலைக் காம்பை வாயில் வைத்துக்கொண்டு விளக்குக்கு எதிரே உட்கார்ந்து அவனும் ஊதினான். சுடர் என் பக்கம் சாய்ந்து புருவத்தைப் பொசுக்கிவிட்டது. வளையம் கொடுக்க வந்திருந்த பட்டறைக்காரருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"ஆளு ஒண்ணு சேத்தீட்டயாட்ட இருக்குது அம்மிணி. நாளைக்கு வளையம் ரெட்டிப்பாக் கொண்டாரட்டுமா?"

கலர் பாட்டில்

சீமெண்ணெயைக் குடித்துக் காலியான கலர் சோடா பாட்டிலில் ஊற்றி மூலையில் வைத்திருப்பேன். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். மச்சாண்டார், அதாவது வீட்டுக்காரரின் அண்ணன், நல்ல வெயிலில் மல்லசமுத்திரத்தில் இருந்து வந்தார். நான் தண்ணீர் மொண்டுகொண்டு திரும்புவதற்குள் பாட்டிலைத் தூக்கிவிட்டார். மச்சாண்டாரிடம் நேராகப் பேசுவது எங்களில் வழக்கம் இல்லை. வேண்டாம் என்று கையை ஆட்டினேன். குடிக்கச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

துப்பி, கொப்பளித்து முடித்ததும் திட்டுவார் என்று கதவோரம் ஒண்டி நின்றேன். அவர் பிள்ளையைத்தான் பார்த்தார்.

"எனக்குத் துப்பத் தெரிஞ்சுது அம்மிணி. அவனுக்குத் தெரியுமா?"

முடிச்சு

பாட்டில் பரண் ஏறியது. பிள்ளையை எங்கே ஏற்றுவது? தெருவில் எல்லாரும் செய்கிறதைச் செய்தேன். பழைய சேலையின் ஒரு முனையை அவன் இடுப்பிலும் மறுமுனையைக் கட்டில் காலிலும் கட்டி, கையில் ஒரு கரண்டியைக் கொடுத்தேன். இனி விளக்கு எட்டாது என்று நிம்மதியாக ஊதினேன்.

ஒரு மத்தியானம் வளையத் தட்டை இழுக்கும்போது முழங்கை பட்டு விளக்கு சாய்ந்தது. சீமெண்ணெய் கட்டிலடிக்கு ஓட, நெருப்பும் கூடவே ஓடியது. பிள்ளை இழுத்து இழுத்து முடிச்சு இறுகிக் கிடந்தது. என் நகம் பிய்ந்ததே தவிர அது அவிழவில்லை. அன்றைக்குத்தான் தெரு என் குரலைக் கேட்டது. பக்கத்து வீட்டுப் பாவாயக்கா ஓடிவந்தார். முடிச்சைத் தொடவே இல்லை. கட்டிலை ஒரு தூக்குத் தூக்கி, காலுக்கு அடிவழியாகச் சேலையை உருவிவிட்டார். பிள்ளையை என் கையில் திணித்துவிட்டு, வாசல் தொட்டியில் சாக்கை முக்கி வந்து நெருப்பை மூடினார்.

பையன் கரண்டியை விடவே இல்லை. பாதத்தில் மட்டும் ஒரு கொப்புளம். அதில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே அக்கா கோபமில்லாமல் கேட்டார்.

"நெருப்புகிட்ட இவன் போவக்கூடாதுன்னு கட்டுன, சரி சாமி. நெருப்பு இவன்கிட்ட வந்தா இவன் எங்க போவான்?"

மறுநாளே வீட்டுக்காரர் என் விளக்கைச் சமையலறைக்கு மாற்றி, அதன் வாசலுக்குக் குறுக்கே இடுப்புயரப் பலகை அடித்துக் கொடுத்தார். அடுப்பு, விளக்கு, ஒரு சட்டி மணல், நான் எல்லாம் பலகைக்கு உள்ளே, வெளியே பையன் தன் பாட்டுக்குத் திரிய, எட்டிப் பார்க்கிறவர்கள் எல்லாரும் என்ன குற்றத்துக்கு என்னை அடைத்திருக்கிறது என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள்.