நீலப் பெயின்ற் பூசிய மடமும் நான் சொன்ன வாயும்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மட்டக்களப்பு வாவியைக் கடந்து போனேன். காரணம் பெரியது! அக்கரைக் கோயிலின் பழைய யாத்திரிகர் மடத்தைப் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாகப் பதியலாமா என்று பார்க்கத் தொல்பொருள் அதிகாரி வருகிறார். பதிவு கிடைக்காவிட்டால், வீதியை அகலிக்க மடத்தை இடித்துவிடுவார்கள். விண்ணப்பம் எழுதியவன் அடியேன். அந்தப் பெருமையை ஓட்டோக்காரரிடமும் சொன்னேன், அவர் கேட்கவேயில்லை.

காலை 7.10 பஸ். நகரிலிருந்து குருக்கள்மடம் ஏறத்தாழ 18 கிலோமீற்றர், 100 ரூபாய். பிறகு ‘பாதை’. ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவைக்கு இங்கே அதுதான் பெயர். இருபது நிமிடம். அக்கரையில் ஓட்டோ மூன்று கிலோமீற்றர், 400 ரூபாய்.

மடத்தைக் கண்டதும் ஓட்டோ நிற்குமுன்னே குதித்தேன். நூறாண்டு தாண்டிய செங்கல் கட்டடம் பளபளவென்று நீலமாக நின்றது! கோயில் நிர்வாகியான வண்ணக்கர் ஓடி வந்தார்.

“எப்பிடி மனே? பெரிய ஆக்கள் வாறாங்க, மடத்தப் பாக்கிற மாதிரி வையுங்க எண்டு நீதானே போன்ல சொன்னாய்? கோயில் சடங்குக்குக்கூட இப்பிடிப் பெயின்ற் அடிக்கல்ல!”

சொன்னது உண்மைதான். நான் நினைத்தது விளக்குமாறை. ஊர் நினைத்தது நாலு வாளி பெயின்றை.

பத்தரைக்கு அதிகாரி அம்மா வந்து சுவரைத் தடவினார்.

“பழைய சுவர் எங்க ஐயா?”

“உள்ளுக்க இருக்கு மிஸ்.”

“உள்ளுக்க இருக்கிறத எப்பிடிப் பதியிற?” கையிலிருந்த விண்ணப்பக் கோப்பை மூடினார். வண்ணக்கர் என்னைப் பார்த்தார். நான் வாவிப் பக்கம் பார்த்தேன்.

“பின்பக்கமும் நீலந்தானா?”

“இல்ல மிஸ். அங்க குளவிக்கூடு. அடிக்க ஒருத்தரும் போகல்ல.”

அதிகாரி கிட்டத்தட்ட ஓடினார்! பின்சுவர் முழுக்க வெறும் செங்கல், சுண்ணாம்புச் சாந்து, வரிசையாக விளக்கு மாடங்கள். அளந்தார், படமெடுத்தார். விளக்கம் சொல்லக் கைநீட்டிய எனக்கு மூக்கில் ஒரு குளவிக் கொட்டு. படத்திலும் விழுந்திருக்கிறேன்.

பதிவுக்குப் பரிந்துரை எழுதி, முடிவு வரும்வரை இடிக்க வேண்டாமென்று வீதி அலுவலகத்துக்கும் அங்கேயே கடிதம் எழுதினார்.

“இனி ஆணி அடிக்கிறதெண்டாலும் எங்களக் கேக்கணும். நீலத்த நாங்களே வந்து எடுப்பம்.”

“ஓம் மிஸ், ஓம்,” என்ற வண்ணக்கர் என் பக்கம் திரும்பினார். “நீ இனி போன் எடுக்காத மனே.”

போக நினைப்பவர்கள் காலையிலேயே போங்கள். பாதையில் நிழல் கிடையாது. உங்கள் ஊர்க் கட்டடத்தைப் பதிய விண்ணப்பிப்பதானால் முதலில் படமெடுத்து இணையுங்கள். நான் மூன்று பக்கம் வர்ணித்தேன், ஒரு படம்கூட வைக்கவில்லை. பதிவை அறிவிக்கும் அரச வர்த்தமானி இன்னும் வரவில்லை; மடம் நிற்கிறது. வாசல் நீலமாக இருந்தால் ஏமாந்து திரும்பாதீர்கள். பின்பக்கம் போங்கள். மெதுவாக.