நான் கொடுத்த மூன்று பாட்டில் ரத்தம்

முதலில் ஈறில்தான் ரத்தம் கசிந்தது. ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் ஆலையில் வேலை பார்த்த என் தங்கை செல்வி, பல்பொடியை மாற்றிப் பார்த்தாள். பிறகு காலெல்லாம் நீலநீலமாகக் கன்றிப்போனது. தறியில் இடித்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்தேன்.

மயங்கி விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார்கள். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நான் பட்டாளத்திலிருந்து விலகி வந்த புதிது. உடம்பைப் பற்றிக் கொஞ்சம் திமிர் உண்டு. இருவருக்கும் ஒரே குரூப். "ஊரான் ரத்தம் எதுக்கு? என்கிட்ட எடுங்க" என்று கையை நீட்டினேன். மூன்று தடவை கொடுத்தேன். சொந்தக்காரர்கள் மெச்சினார்கள். எனக்கும் பெருமைதான், மறைப்பானேன்.

பிறகு போன பெரிய ஆஸ்பத்திரியில்தான் நோயின் பெயர் தெரிந்தது: ஏபிளாஸ்டிக் அனீமியா (எலும்புக்குள் ரத்தத்தை உண்டாக்கும் மஜ்ஜை வற்றிப்போவது). அதிலும் கடுமையானது. மருந்துக்குக் கேட்கவில்லை. மஜ்ஜை மாற்று ஒன்றுதான் மிச்சம். கூடப் பிறந்தவன் நான் ஒருவன். எனக்கோ திசுப் பொருத்தம் (அணுக்களின் அடையாளம் ஒத்துப்போவது) பாதிதான். பாதிப் பொருத்தத்தில் பிழைப்பது அபூர்வம் என்று மருத்துவர் ஒளிக்காமல் சொன்னார்.

இதுவரை யார் ரத்தம் ஏற்றினீர்கள் என்று கேட்டார். நான்தான் சார் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை மூடினார்.

"கூடப் பிறந்தவங்க ரத்தத்த மட்டும் ஏத்தியிருக்கக் கூடாது. உங்க தங்கச்சி உடம்பு உங்க அணுவ எதிரின்னு பழகியிருக்கும், இனி உங்க மஜ்ஜையக் குடுத்தாலும் எதிர்க்கும்."

வேறு ஆள் இல்லை. ஆகவே அப்படியும் செய்தார்கள். என் இடுப்பெலும்பிலிருந்து எடுத்த மஜ்ஜையை அவளுக்கு ஏற்றினார்கள். அவளை வைத்திருந்த தனியறையின் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று வெள்ளையணு எவ்வளவு என்று கேட்பதே என் வேலையாயிற்று. மூன்றாம் வாரம் கொஞ்சம் ஏறியது. பிறகு இறங்கியது, இறங்கிக்கொண்டே போனது. அவள் உடம்பு என்னை ஏற்கவில்லை.

கடைசியில் உள்ளே விட்டார்கள். எல்லாம் என்னால்தான் என்று அழுதேன்.

"ரத்தம் ஏத்துன பொறவுதான அண்ணே, நம்ம வில்லிபுத்தூர்த் திருவண்ணாமலப் பெருமாளுக்குப் படி அம்புட்டையும் நானே ஏறுனேன். அந்த நாளையும் தப்புன்னு சொல்லிராத" என்றாள்.

இரண்டு நாளில் போய்விட்டாள்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த நோய் என்றால், ரத்தம் ஏற்றப் பயப்படாதீர்கள். வெளியாள் ரத்தமாக இருக்கட்டும். மருத்துவரைக் கேட்காமல், பாசத்தில் என்னைப்போலக் கையை நீட்டிவிடாதீர்கள்.

எடுத்த மஜ்ஜை சில வாரத்தில் ஊறிவிடும் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். சொன்னபடியே ஊறிவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்தில் போகையில் அவள் படியேறிய அந்தப் பெருமாள் குன்று கண்ணில் படும்போதெல்லாம் என் கை இடுப்புக்குப் போகிறது. ஊசி இறங்கிய இடத்தை அழுத்திப் பார்க்கிறேன். கொஞ்சமாவது வலிக்கக் கூடாதா என்றிருக்கிறது. வலிப்பதே இல்லை.