தல்ஹா போட்ட 666

தல்ஹா கம்ப்யூட்டர் வேலை கற்றது பெரிய மார்க்கெட் அருகே ஒரு ரிப்பேர் கடையில். லினக்ஸைத் தானே படித்துக்கொண்டார். சேதராப்பட்டில் ஒரு சோப்புத்தூள் ஆலையின் கம்ப்யூட்டர்கள் பத்து வருடமாக அவர் பொறுப்பு.

மூட்டை நிறுக்கும் தராசு ஒரு கம்ப்யூட்டரோடு இணைந்திருந்தது. லினக்ஸில் அப்படிச் செருகும் கருவி ஒரு கோப்பாகத் தெரியும். அதை யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்பதற்கு அனுமதி எண் உண்டு. தராசைப் பொருத்திய அன்று, எடை பதியும் புரோகிராமுக்கு அனுமதி கிடைக்கவில்லை. அது ஓடும் பயனர் கணக்கை, அனுமதி உள்ள குழுவில் சேர்த்திருந்தால் போதும். வெளியே லாரி காத்திருந்தது. தல்ஹா 666 என்று போட்டார்: யாரும் படிக்கலாம், யாரும் எழுதலாம். கம்ப்யூட்டரை எப்போது போட்டாலும் அதுவே வரும்படி ஒரு விதியும் எழுதிவைத்தார். பிறகு சரிசெய்ய நினைத்தார். மறந்தார்.

இரண்டு வருடம் கழித்து, எடையைச் சுவரில் காட்டும் பலகைக்காக வெளியாள் ஒருவர் வந்து இன்னொரு புரோகிராமை வேறு பயனர் கணக்கில் ஓடும்படி வைத்துவிட்டுப் போனார். அனுமதி சரியாக இருந்திருந்தால் அது அன்றே நின்றிருக்கும். இப்போது இரண்டும் ஒரே கோப்பைப் படித்தன. தராசு அனுப்பிய இலக்கங்களில் சில இதற்குப் போயின, சில அதற்கு. பெரிதாகத் தவறிய எண்களை எடை பதியும் புரோகிராமே தள்ளிவிட்டது. 25.04 கிலோ என்பது நடுவில் ஒரு சைபர் போய் 25.4 ஆகிவிட்டால் அதற்குத் தெரியாது; அப்படியே சீட்டில் அச்சானது.

சீட்டில் உள்ளதைவிட மூட்டையில் தூள் குறைகிறது என்று வாங்குபவர்களிடமிருந்து புகார் வந்தது. நிறுத்துச் சீட்டு ஒட்டியவர் பெர்னதெத். தூளைத் திருடுகிறாரோ என்று பத்து நாள் கேட்டில் காவலாளிகள் அவர் பையைக் கொட்டிப் பார்த்தார்கள். பிறகு வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள்.

அவர் போன பிறகும் புகார் நிற்கவில்லை. தல்ஹா நூறு மூட்டைகளை மறுபடி நிறுத்துச் சீட்டோடு ஒப்பிட்டார். கடைசியில் அந்தக் கோப்பை யார் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தார். இரண்டு புரோகிராம்களின் பெயர்கள் வந்தன. அனுமதி விதியின் மேல்வரியில், அதை எழுதியவர் என்று தல்ஹாவின் பெயரும் தேதியும் இருந்தன.

தல்ஹா அதைக் காட்டியதும் மேலாளர் விக்ரம், மெஷின் கோளாறு என்று எழுதி பெர்னதெத்தைத் திரும்பக் கூப்பிட்டார். தல்ஹாவின் பெயர் வெளியே வர வேண்டாம் என்றார். தல்ஹா தலையாட்டினார். தலையாட்டியது இரண்டு நாள் அவரை உறுத்தியது. ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்திருக்கும் நேரம் பார்த்து, தவளக்குப்பத்தில் பெர்னதெத் வீட்டுக்குப் போனார்.

"மெஷின் கெட்டுப்போச்சாமே, தம்பி."

"மெஷின் இல்லக்கா. நான் செஞ்சது."

நடந்ததை முழுவதும் சொன்னார். மீன் ஆய்ந்துகொண்டே பெர்னதெத் கேட்டார்.

"இத எங்கிட்ட சொல்ல இவ்ளோ தூரம் வரணுமா? கேட்டுல என் சோத்து டப்பாவ மோந்து பாத்தாங்களே, அவங்ககிட்ட சொல்லு."

திங்கள் காலை ஷிப்டுக்கு ஆட்கள் நுழையும்போது தல்ஹா கேட்டில் காவலாளிகள் முன்னால் நின்று, தப்பு தன்னுடையது என்று சொன்னார். குரல் எழும்பவில்லை. பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்கவில்லை என்றார் பெர்னதெத். தல்ஹா இன்னொரு முறை சொன்னார்.