அண்ணனைத் தேடிய முறுக்குக் கம்பெனி

எனக்கு வேலை கிடைத்தபோது அம்மா ஊரில் எல்லோரிடமும் 'பெங்களூரு கம்பெனி' என்று மட்டும்தான் சொன்னாள். அது முறுக்குக் கம்பெனி என்பதைச் சொல்லவில்லை. சாமை முறுக்கு, தினை லட்டு, வரகு சிப்ஸ் எல்லாவற்றையும் பளபளக்கும் பாக்கெட்டில் போட்டு, பெரிய நகரங்களில் இருக்கும் இளைஞர்களுக்கு ஆப் மூலம் விற்பார்கள். சாமையில் கொஞ்சம் எங்கள் ஜவ்வாது மலையிலிருந்தும் போனது. நான் திருப்பத்தூரில் தமிழ் இலக்கியம் படித்து முடித்துவிட்டு, அடுத்து பி.எட். படிப்பதா வேண்டாமா என்று வீட்டில் உட்கார்ந்திருந்தேன். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றால் சிக்னல் நன்றாக வரும். அங்கே நின்றபடிதான் இன்டர்வியூவில் பேசினேன். அங்கே ஒரு நாற்காலியைப் போட்டுத்தான் பிறகு வேலையும் செய்தேன்.

என் தமிழில் மண் வாசனை இருப்பதாகச் சொல்லித்தான் எடுத்தார்கள். சேர்ந்த முதல் வாரமே அந்த வாசனையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளச் சொன்னார்கள். நாங்கள் சொல்லும் 'இன்னா' சினிமாவில் ரவுடி பேசுவதுபோல் இருக்கிறதாம். 'வணக்கம்' என்றால் வங்கி லோன் வசூல் மாதிரி இருக்கிறதாம். 'மச்சி', 'பங்கு', 'வேற லெவல்' என்று எழுத வேண்டும். வாக்கியத்தின் முடிவில் முற்றுப்புள்ளி வைக்கக் கூடாது. வைத்தால் நாம் கோபமாக இருப்பதாக இளைஞர்கள் நினைத்துக்கொள்வார்களாம். மூன்று வருடம் நன்னூல் படித்தவள் நான். ஒரே வாரத்தில் புள்ளியை விட்டேன்.

இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் பிராண்ட் மேலாளர். என்னைவிட நான்கைந்து வயது மூத்த பெண். எல்லோரையும் 'டியர்' என்று கூப்பிடுவார். 'இளைஞர்கள்' என்ற சொல் வரும்போது மட்டும், காட்டில் தூரத்தில் நிற்கும் மானைக் கலைத்துவிடக் கூடாது என்பதுபோலக் குரலைத் தாழ்த்திக்கொள்வார். கம்பெனி கம்பெனி மாதிரிப் பேசினால் அவர்கள் ஓடிவிடுவார்கள் என்பது அவர் நம்பிக்கை. அதனால் கம்பெனிக்கு ஓர் ஆள் உருவமே கொடுத்திருந்தார். இருபத்திரண்டு வயதுப் பெண். கொஞ்சம் குறும்பு, கொஞ்சம் சோகம். விருச்சிக ராசி. பூனை பிடிக்கும். அப்பாவோடு அவ்வளவாகப் பேச்சு இல்லை. செல்லப் பெயர் ஒன்றும் வைத்திருந்தார்கள்.

முறுக்குக்கு இதெல்லாம் எதற்கு என்று ஒருமுறை கேட்டேன்.

"அவங்க பொருள் வாங்கறதில்ல டியர். உறவு வாங்கறாங்க" என்றார்.

அந்தப் பெண்ணாக இருப்பதுதான் என் வேலை. யாராவது மெசேஜ் போட்டால் எந்தச் சொல்லுக்கு என்ன பதில் தானாகப் போக வேண்டும் என்பதையும் நானே எழுதி வைத்தேன். நேரில் ஓர் ஆண்பிள்ளையிடம் 'சாப்டீங்களா' என்பதற்கு மேல் பேசியிராத நான், பல ஊர்ப் பையன்களிடம் ஒரே நேரத்தில் கொஞ்சினேன், சிணுங்கினேன்.

கொஞ்ச நாளில் ஆப்பைப் போனில் வைத்துக்கொண்டு திறக்காமலே இருப்பவர்கள் நிறையப் பேர் ஆகிவிட்டார்கள். அவர்களைத் திரும்ப இழுக்க ஒரு மெசேஜ் வேண்டும் என்றார் மேலாளர். நான் எழுதிய எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. ரேஷன் கடை வாசல் போர்டு மாதிரி இருக்கிறது என்றார். வெறுத்துப்போய்க் கடைசியில் இப்படி எழுதி அனுப்பினேன்: 'என்ன மறந்துட்டல்ல... பரவால்ல... நீ வருவேன்னு இங்கயேதான் இருக்கேன்'. அதைப் படித்ததும் அவர் போனில் கூப்பிட்டார். உடம்பு சிலிர்த்துவிட்டது என்றார். அனுப்புகிறவர் பெயர் இருக்கும் இடத்தில் கம்பெனி பெயரை எடுத்துவிட்டு அந்தச் செல்லப் பெயரைப் போடவும் சொன்னார்.

என் அண்ணன் மலையிலிருந்து கீழே சரக்கு வண்டி ஓட்டுகிறவர். நாற்பதை நெருங்கிக்கொண்டிருக்கிறார். வேலையில் சேர்ந்தவர்கள் வீட்டில் இருக்கும் எல்லோர் போனிலும் ஆப்பை ஏற்ற வேண்டும் என்று சொன்னதால் அவர் போனிலும் நான்தான் ஏற்றியிருந்தேன். அவர் அதை ஒருமுறைகூடத் திறந்ததில்லை. திறந்தாலும் பயனில்லை. எங்கள் மலைக்கு அவர்கள் முறுக்கு அனுப்புவதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணன் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். போன் ஜன்னலில் சார்ஜில் இருந்தது. மெசேஜ் சத்தம் கேட்டு அண்ணி எடுத்துப் பார்த்திருக்கிறார். 'என்ன மறந்துட்டல்ல'. அண்ணி அதைத் திறந்தார். திறந்ததும் போக வேண்டும் என்று நாங்கள் வைத்திருந்த அடுத்த மெசேஜ் போனது: 'படிச்சிட்டும் பேசாம இருக்கியே'.

அண்ணி 'யார் நீ' என்று கேட்டார்.

'யார்னு கேக்கற அளவுக்கு ஆயிடுச்சா' என்று பதில் வந்தது. கூடவே அழுகிற முகப் பொம்மை ஒன்று.

'உனக்கு வெக்கமா இல்லியா. அவருக்குப் புள்ளைங்க கீது' என்று எழுதினார் அண்ணி. குழந்தை, பிள்ளை, புள்ளைங்க என்ற சொற்களுக்கும் நான் பதில் எழுதி வைத்திருந்தேன். அது உடனே போய்ச் சேர்ந்தது: 'குட்டீஸுக்கும் நான் இருக்கேன் மச்சி! காரமா வேணுமா, இனிப்பா வேணுமா?'

நான் அன்றைக்குக் காவலூருக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது அண்ணி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சாயங்கால பஸ்ஸில் ஆலங்காயத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டிருந்தார். அண்ணன் கூடத்தில் போனை எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அம்மா அவரோடு பேசாமல் அடுப்படியில் இருந்தாள். நான் போனை வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு வரியும் என்னுடையது. இது எங்கள் கம்பெனி மெசேஜ், ஆயிரக்கணக்கான பேருக்குப் போயிருக்கும் என்று சொன்னேன். அண்ணனுக்கு நிம்மதி வரவில்லை. குழப்பம்தான் வந்தது.

"கம்பெனி எதுக்கு என்ன தேடணும்?" என்றார்.

மறுநாள் காலை நானும் அண்ணனும் அவர் வண்டியிலேயே கீழே போனோம். அண்ணியின் அப்பா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரும் அண்ணியின் சித்தப்பாவும் வாசலில் நாற்காலி போட்டுக் காத்திருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் துணி உலர்த்துகிற சாக்கில் நின்றார்கள். அண்ணி கதவோரம் நின்றார். அண்ணன் வாயைத் திறக்கும் முன்னால் நான் விஷயத்தைச் சொன்னேன்.

அண்ணியின் அப்பா பொறுமையாகக் கேட்டார். "முறுக்குக் கம்பெனி பொண்ணு மாதிரி பேசுமா?"

"பேசும் மாமா."

"எதுக்கு?"

"அப்பதான் சின்ன வயசு பசங்க வாங்குவாங்கன்னு."

"இவன பாத்தா சின்ன வயசு பையன் மாதிரியா கீது?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். இந்த விஷயத்தில் மட்டும் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

பேசிப் புரியவைக்க முடியாது என்று தெரிந்ததும், அந்தப் பெண்ணிடம் நீங்களே ஏதாவது கேட்டுப் பாருங்கள் என்று போனைச் சித்தப்பாவிடம் கொடுத்தேன். அவர் யோசித்து, ஒரு விரலால் அழுத்தி அழுத்தி, 'உங்க வீடு எங்க' என்று கேட்டார். 'உன் மனசுலதான் பங்கு, உன் பின்கோடு சொல்லு' என்று வந்தது. அவர் சுற்றிலும் பார்த்துவிட்டு, அண்ணன் சொன்ன எங்கள் மலையின் பின்கோடைப் போட்டார். 'சாரி மச்சி, உங்க ஏரியாவுக்கு நான் இன்னும் வரல' என்றது போன். அவர் அதை உரக்கப் படித்துக் காட்டினார். துணி உலர்த்திக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தி சிரிக்க, எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

அண்ணன் தப்பித்தார். அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத எழுதனது நீயா?"

"ஆமா அண்ணி."

"யாரையும் மனசுல வெக்காம இப்டி எழுத வருமா?"

கல்லூரியில் என் கவிதைகளுக்கு ஒருவர்கூட இப்படி ஒரு பாராட்டுச் சொன்னதில்லை. அதை ரசிக்கத்தான் முடியவில்லை. வாசலில் இருந்த எல்லோரும் அண்ணனை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பியிருந்தார்கள். அண்ணியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நாங்கள் வீடு திரும்பிய அன்று சாயங்காலமே அம்மா எனக்கு மாப்பிள்ளை பார்க்கச் சொல்லித் தரகருக்கு ஆள் அனுப்பினாள்.

நடந்ததை மேலாளரிடம் போனில் சொன்னேன். மன்னிப்புக் கேட்பார், அந்த மெசேஜை நிறுத்துவார் என்று நினைத்தேன். அவர் ஆபீஸ் கூட்டத்துக்கு நடுவிலிருந்து எழுந்துபோய்த் தனியறையில் கதவைச் சாத்திக்கொண்டு, திரும்ப ஒருமுறை முழுசாகச் சொல்லச் சொன்னார். அடுத்த வாரம் ஒரு காரில் கேமராவோடு வந்து இறங்கிவிட்டார்கள். 'ஒரு பாக்கெட் முறுக்கு ஒரு வீட்டையே ஆட்டிவைத்த உண்மைக் கதை' என்று வீடியோ போடப்போகிறார்களாம்.

அண்ணி உடனே சம்மதித்தது எல்லோருக்கும் ஆச்சரியமாக இருந்தது. அவருக்கு ஒரு காரணம் இருந்தது. அம்மா வீட்டுக்குக் கோபித்துக்கொண்டு போன செய்தி அவர் ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. முறுக்கு விஷயம் அந்தத் தெருவைத் தாண்டவில்லை. வீடியோவில் சொன்னால் மொத்த ஊருக்கும் முழுக் கதை தெரிந்துவிடும் என்று நினைத்தார். கல்யாணத்துக்குக் கட்டும் பட்டுப்புடவையில் வந்து நின்றார். அது வேண்டாம், வயலுக்குக் கட்டுவதைக் கட்டிக்கொண்டு வாருங்கள் என்றார்கள். வயலுக்கு நைட்டிதான் போடுவேன் என்றார் அண்ணி. அவர்கள் கூடிப் பேசிவிட்டு, காரில் கொண்டுவந்திருந்த கைத்தறிப் புடவை ஒன்றைக் கொடுத்தார்கள். அண்ணி அதைக் கட்டிக்கொண்டு, மெசேஜ் வந்ததிலிருந்து சித்தப்பா பின்கோடு போட்டது வரைக்கும், என் வீட்டுக்காரர் மேல் ஒரு தப்பும் இல்லை என்பது வரைக்கும், தடங்கலில்லாமல் சொன்னார். மேலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வீடியோ வெளியானபோது அதில் கால்வாசிகூட இல்லை. 'ஞாயித்துக்கெழம எங்க வூட்டுக்காரரு போன்ல ஒரு பொண்ணு மெசேஜ் வந்துச்சி' என்று அண்ணி சொல்கிறார், முகம் பக்கத்தில் வருகிறது, இசை வருகிறது, முறுக்கு உடைகிறது. அவ்வளவுதான். மிச்சம் எங்கே என்று மேலாளரிடம் கேட்டேன். அதற்கு மேல் இளைஞர்கள் பார்க்க மாட்டார்கள் டியர் என்றார்.

அதுவரை ஓர் ஊருக்குத் தெரிந்திருந்த சந்தேகம் அதற்கப்புறம் மாவட்டத்துக்கே தெரிந்தது. அண்ணன் சரக்கு இறக்கப் போகிற கடைகளில் 'அந்த மெசேஜ் பொண்ணு நல்லா இருக்காங்களாண்ணே' என்று விசாரித்தார்கள். அண்ணி இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தார். பிறகு புளி கொட்டை எடுத்துக்கொண்டே, போனைச் சொம்பில் சாய்த்து வைத்து, மொத்தக் கதையையும் தானே ஒரு வீடியோவாகச் சொல்லிப் போட்டார். நிறையப் பேர் பார்த்தார்கள். கீழே வந்த கேள்விகளில் பாதி, புளி கிலோ என்ன விலை என்பதுதான். அண்ணனைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அதுவே போதும் என்றார் அண்ணன். அந்தப் பருவத்துப் புளியை அண்ணி அப்படியே விற்றுத் தீர்த்தார்.

இதற்கிடையில் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை கீழே செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். தனியாகப் பேசட்டும் என்று எங்களை மொட்டை மாடிக்கு அனுப்பினார்கள். அவர் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அந்த மெசேஜ் எனக்கும் வந்துச்சிங்க. கம்பெனின்னு தெரியும். தெரிஞ்சேதான் பதில் போட்டேன்" என்றார்.

அப்போது அவருடைய அப்பா வேலூரில் ஆஸ்பத்திரியில் இருந்தாராம். கூட இருக்க இவர் ஒருவர்தான். வராந்தாவில் உட்கார்ந்திருந்த நேரத்தில் 'அப்பாவுக்கு ஆபரேஷன், பயமா இருக்கு' என்று எழுதியிருக்கிறார். என்ன பதில் வந்தது என்று நான் கேட்கவில்லை. எனக்கே தெரியும். அப்பா என்ற சொல்லுக்கு 'எங்க அப்பாவும் செம டார்ச்சர் மச்சி, ஒரு முறுக்கு சாப்ட்டா சரியாயிடும்' என்று எழுதி வைத்திருந்தேன்.

"சிரிப்புதான் வந்துச்சி. அப்புறம் போன உள்ள வெச்சிட்டேன்" என்றார் அவர். குறையாகச் சொல்லவில்லை. அவர் அப்பா கீழே கூடத்தில் அண்ணனோடு பேசி உரக்கச் சிரித்துக்கொண்டிருந்தது எங்களுக்குக் கேட்டது.

மறுநாள் முதல் வேலையாக அந்தப் பதிலை எடுத்தேன். அப்பா, அம்மா, ஆஸ்பத்திரி, பயம் என்று எது வந்தாலும், 'இங்கே பதில் சொல்வது மனிதர் இல்லை. உங்களுக்குத் தெரிந்த யாரையாவது கூப்பிட்டுப் பேசுங்கள்' என்று போகும்படி மாற்றினேன். மேலாளர் இன்றுவரை அதைக் கவனிக்கவில்லை. அவர் இப்போது அந்த இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு ஒரு தம்பியை உருவாக்கும் வேலையில் இருக்கிறார். பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் பேச அவன் வேண்டுமாம்.

நிச்சயம் தை மாதம் என்று பேசியிருக்கிறார்கள். கடை சாத்தியதும் அவர் போனில் கூப்பிடுகிறார், பேசுகிறோம். மெசேஜ் மட்டும் போடுவதில்லை. போட்டால் நான் அதைத் திருத்தித் திருப்பி அனுப்பிவிடுவேன் என்று பயமாக இருக்கிறதாம்.