ஈரத்துணியும் எறும்புச் சாரையும்

எங்கள் தெருவில் என் பெரியம்மாவுக்கு 'ஈரத்துணி' என்று பெயர். முகத்துக்கு நேராக யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் கீழ்வீட்டுத் தையல்காரர் தன் மனைவியிடம், "ஈரத்துணி மாடியில இருக்காங்களா பாரு, ஏணி வேணும்" என்று சொன்னதைப் படியிறங்கும்போது நானே கேட்டிருக்கிறேன். பெரியம்மாவிடம் சொன்னேன்.

"துணி ஈரமாத்தானே இருக்கு. பொய்யா சொன்னாரு?" என்றார்.

அந்தத் துணி எப்போதும் அவருடைய இடது தோளில் கிடக்கும். அவர் உடுத்துகிற எல்லாவற்றிலும் அந்தத் தோள் மட்டும் சாயம் போயிருக்கும். கல்யாணமான புதிதில் அவரும் பெரியப்பாவும் ஒரு மாவு மில்லுக்கு மேலே ஒற்றை அறையில் குடியிருந்தார்கள். மில் ஓடத் தொடங்கினால் பாத்திரம், பாய், தலையணை எல்லாவற்றிலும் மாவு படியும். துடைத்து முடித்துத் திரும்பிப் பார்த்தால் முதலில் துடைத்த இடம் மறுபடியும் வெளுத்திருக்கும். பிறகு எத்தனையோ வீடு மாறியாயிற்று. இப்போது பக்கத்தில் மில் எதுவும் இல்லை. துணி மட்டும் தோளை விட்டு இறங்கவில்லை.

வேலை தேடி இந்த ஊருக்கு வந்த நான் அவர்கள் வீட்டில்தான் தங்கியிருந்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி முடித்த முதல் ஆள் நான். அதனால் கியாஸ் அடுப்பு சரியாக எரியாவிட்டாலும் என்னைக் கூப்பிடுவார்கள். எனக்கும் ஒன்றும் தெரியாது. குனிந்து பார்ப்பேன். அவர்களும் என்னோடு குனிந்து பார்ப்பார்கள்.

பக்கத்துத் தெருவில், வேலைக்குப் போகிறவர்கள் பகலில் பிள்ளைகளை விட்டுப்போகிற ஒரு குழந்தைகள் காப்பகம் இருந்தது. அங்கிருந்த பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு பெரியம்மாவின் அடுப்பிலிருந்துதான் போகும். காலையில் வேன் காலிப் பாத்திரங்களை இறக்கிவிட்டுப் போகும். மதியத்துக்குள் வந்து நிறைந்த பாத்திரங்களை ஏற்றிக்கொள்ளும். குழைய வெந்த சோறு, காரமில்லாத காய், ஒரு முட்டை. பிள்ளைகள் யாரும் பெரியம்மாவைப் பார்த்ததில்லை. ஆனாலும் எந்தப் பிள்ளைக்குக் கேரட் ஆகாது, எது முட்டையின் மஞ்சளை மட்டும் ஒதுக்கும் என்பதெல்லாம் வேன் டிரைவர் மூலம் அவருக்குத் தெரியும். யாராவது "வீட்லதான் இருக்கீங்களா?" என்று கேட்டால், "இல்ல, சமைக்கிறேன்" என்பார். வீட்டில் இருப்பது வேறு, சமைப்பது வேறு அவருக்கு.

காப்பகத்துக்குப் புதிதாக ஒரு பொறுப்பாளர் வந்தார். எல்லோரும் மேடம் என்பார்கள். சாப்பாடு எங்கே செய்கிறார்கள் என்று வெள்ளிக்கிழமை நேரில் வந்து பார்ப்பதாகவும், சரியில்லை என்றால் வேறு இடத்தில் சாப்பாட்டுக்குச் சொல்லிவிடுவதாகவும் தகவல் வந்தது.

அந்த வாரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. மழையோடு எறும்பும் வந்தது.

சித்தெறும்பு. சமையலறை ஜன்னலுக்குக் கீழே ஒரு விரிசலிலிருந்து புறப்பட்டு, சுவரில் பதித்த டைல்ஸ் இடுக்கு வழியாகச் சாரை சாரையாகச் சர்க்கரை டப்பாவுக்குப் போயிற்று. பெரியம்மா ஒரே இழுப்பில் துடைத்தார். கொஞ்ச நேரத்தில் அடுத்த இடுக்கில் வந்தது. அதையும் துடைத்தார். டப்பாக்களைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்தினார். ஒரு டப்பாவிலிருந்து சுவரில் சாய்ந்திருந்த கரண்டி மேல் ஏறி வந்து எறும்பு தட்டைத் தாண்டிவிட்டது.

"கெட்டிக்காரப் பயலுக, பாலம் போட்டுட்டானுக" என்றார் பெரியப்பா. அவர் லாரிப் பட்டறையில் வேலை செய்கிறவர். யார் எதைச் சரியாகப் பொருத்தினாலும் பாராட்டுவார்.

"நீங்க போய் அதுங்ககூடவே சேர்ந்துக்குங்க" என்றார் பெரியம்மா.

மளிகைக்கடைக்காரரிடம் போனோம். தெளிக்கிற மருந்தை அவர் கொடுக்கவில்லை. "பிள்ளைங்க சாப்பாடு செய்யற இடத்துல அதை அடிக்காதீங்கம்மா. இது இனிப்பு மருந்து. விரிசல்கிட்ட ஒரு சொட்டு வைங்க. அது தின்னு, புத்துக்கும் கொண்டுபோகும். ரெண்டு மூணு நாள்ல அடங்கும். ஒண்ணு மட்டும், வழியைத் துடைச்சிடாதீங்க. துடைச்சா அதுக்கு வழி தெரியாது, வேற பக்கம் கிளம்பிடும்."

நானும் போனில் தேடிப் பார்த்தேன். அதே விஷயம்தான் இருந்தது. கடைக்காரர் சொன்னபோதே நம்பாமல் ஏன் தேடினேன் என்று தெரியவில்லை.

மருந்து வைத்தோம். மறுநாள் எறும்பு அரிசிப் பானைக்கு அடியில் இருந்தது. அடுத்த நாள் அடுப்புக்குப் பின்னால்.

"கடைக்காரன் தலையில மிளகா அரைச்சிட்டான்" என்றார் பெரியம்மா.

புதன்கிழமை காலை தண்ணீர் குடிக்கப் போனேன். பெரியம்மா பால் காய்ச்சிக்கொண்டிருந்தார். வலது கை பாலைக் கிளறிக்கொண்டிருந்தது. இடது கை தோளிலிருந்து துணியை இழுத்து, சுவர் இடுக்கை நீளமாகத் துடைத்துவிட்டு, மறுபடி தோளில் போட்டது. பார்வை பாலை விட்டு அசையவே இல்லை.

"பெரியம்மா, துடைக்கிறீங்களே!"

"நான் எங்கடி துடைச்சேன்?"

துணியின் நுனியில் எறும்புகள் ஒட்டிக்கொண்டு நெளிந்தன. எடுத்துக் காட்டினேன். அதைப் பார்த்தார், பிறகு தன் கையைப் பார்த்தார்.

பெரியப்பா குளியலறையிலிருந்து, "நான் போன வருஷம் சொன்னேன், இவ தூக்கத்துல என் முகத்தையும் துடைக்கிறாள்னு. யாராவது நம்பினீங்களா?" என்றார்.

அன்றைக்கே துணியை மொட்டைமாடிக் கொடியில் போட்டோம். சமையலைக் கூடத்து மேஜைக்கு மாற்றினோம். ஜன்னல் பக்கச் சுவரை எறும்புக்கே விட்டுவிட்டோம். பெரியம்மா நாள் முழுதும் வெறுந்தோளைத் தடவிக்கொண்டிருந்தார். பேச வாயெடுப்பார், இடது கை மேலே போகும், என்ன சொல்ல வந்தோம் என்பது மறந்துபோகும்.

யாரும் தொடாததால் சாரை தடித்தது. வியாழக்கிழமை அது கயிறு மாதிரி இருந்தது. வெள்ளிக்கிழமை காலை அதைவிடக் கனமாக.

"மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்றேன். போனில் அப்படித்தான் இருந்தது.

"மேடத்துக்கு அந்த அர்த்தம் தெரியுமா?" என்றார் பெரியம்மா.

வாசலில் வேன் நிற்கும் சத்தம் கேட்டது. பெரியம்மா மொட்டைமாடிக்கு ஓடினார். துணியோடு இறங்கி வந்தார். சுவருக்கு முன்னால் போய் நின்றார். ஒரே இழுப்பு போதும்; மேடம் இருக்கிற நேரத்துக்குச் சுவர் சுத்தமாக இருக்கும். நாளைக்கு எறும்பு வேறெங்கோ கிளம்பும், அது நாளைய கதை. துடைத்துவிடுங்கள் என்று சொல்ல எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. மூன்று நாளாக வேண்டாம் என்று சொன்னவளும் நான்தான். இரண்டையும் சொல்லாமல் நின்றேன்.

பெரியம்மா துணியை என் கையில் திணித்துவிட்டுக் கதவைத் திறந்தார்.

"வாங்க மேடம். முதல்ல இதைப் பாருங்க" என்று நேரே சுவருக்கு அழைத்துப் போனார். "எறும்பு. மழையில வந்துச்சு. மருந்து வச்சிருக்கேன், வழியை அழிக்கக் கூடாதுன்னு விட்டிருக்கேன். சமையல் இங்க இல்ல, கூடத்துல. வாங்க."

மேடம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சாரையைப் பார்த்தார். அரிசிப் பானையைத் திறந்து பார்த்தார். பாத்திரங்களைக் கவிழ்த்து அடியைப் பார்த்தார். மேஜைக்கு அடியில் குனிந்தார். முகத்தில் எதுவும் தெரியவில்லை.

"தினமும் இப்படியா?"

"தினமும் துடைச்சிடுவேன் மேடம். அதனாலதான் போகல."

மேடம் தலையை ஆட்டினார். அது சரி என்பதா, வேண்டாம் என்பதா தெரியவில்லை. "சொல்லி அனுப்புறேன்" என்று இறங்கிப் போனார்.

அன்றைய சாப்பாட்டை வேன் ஏற்றிக்கொண்டு போனது. வேறு எந்தத் தகவலும் வரவில்லை. சனி, ஞாயிறு காப்பகம் விடுமுறை. "வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்ல?" என்று பெரியப்பா ஒரு முறை கேட்டார். சனிக்கிழமை சாரை இளைத்தது. ஞாயிற்றுக்கிழமை சில எறும்புகள் மட்டும் திக்குத் தெரியாமல் சுற்றின. பெரியம்மா அந்தப் பக்கமே பார்க்கவில்லை, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை வழக்கமான நேரத்துக்கு வேன் வந்தது. டிரைவர் காலிப் பாத்திரங்களை இறக்கி வைத்தார்.

"மேடம் என்ன சொன்னாங்க?"

"என்கிட்ட என்னம்மா சொல்வாங்க? ஏத்துன்னாங்க, ஏத்திட்டு வந்தேன். இனிமே வாரா வாரம் பார்க்க வருவாங்களாம்."

பெரியம்மா உண்மையைச் சொன்னதால் பாத்திரம் வந்ததா, இல்லை மேடத்துக்கு வேறு அடுப்பு கிடைக்கவில்லையா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. பெரியம்மா அதை யாரிடமும் கேட்கவில்லை. ஜன்னல் பக்கம் போனார். இடுக்கில் எறும்பு இல்லை. நின்று பார்த்தார்.

"இந்தாடி, துணி எங்க?"

கொடுத்தேன். சுவரைத் துடைத்தார், விரிசல் வரைக்கும். பிறகு அதைத் தோளில் போட்டுக்கொண்டு அரிசி களையப் போனார்.