மிராசுதார் முன்னால் எழுந்த குரல்

இந்த ஓட்டு வீடு நான் கட்டியது. மேட்டுக்கொல்லையில் போர் போட்டு மோட்டார் இறக்கியவன் நான். எங்கள் தெருவுக்குக் கரண்டுக் கம்பம் வந்தது நான் அலைந்த அலைச்சலில். மூன்றாம் வகுப்போடு நின்றவன், மகளை டீச்சராக்கினேன். எல்லாம் பாபநாசத்துக்குப் பக்கத்தில் ஒரு குத்தகை நிலத்தில் கால் ஊன்றிச் செய்தது. அந்த நிலமே கையைவிட்டுப் போக இருந்தது.

கழக ஆட்சி வந்து, குத்தகைக்காரன் பேரைச் சர்க்கார் பதிவில் ஏற்றலாம் என்று சட்டம் போட்ட காலம். நிலத்துக்குச் சொந்தக்காரரான மிராசுதாரோ, நான் அவருடைய கூலியாள்தான், குத்தகையே கிடையாது என்று ஆட்சேபணை கொடுத்துவிட்டார். விசாரணையில் நானே வாய் திறந்து சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நிலம் போச்சு.

அங்கேதான் சிக்கல். ஊர்க் கூட்டத்தில் மைக் இல்லாமல் பேசுகிறவன் நான். ஆனால் மிராசுதாரின் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், கை தானாகத் தோள் துண்டை உருவி இடுப்பில் சுற்றிவிடும்; பேச்சு வராது. சின்ன வயதிலிருந்து உடம்பில் ஊறிய பழக்கம். விசாரணைக்கு நாள் குறித்ததும் சோறு இறங்கவில்லை.

வயிற்றுக்கு மருந்து கேட்கப் போனேன். கும்பகோணத்து டாக்டர், "இது வயிறு இல்லைங்க, பயம். ஹிப்னாடிசம் பண்ணிப் பார்ப்போமா?" என்றார்.

வீட்டில் சொன்னதும் மனைவி பிடித்துக்கொண்டாள். "தூங்க வச்சு, பத்திரத்துல கைநாட்டு உருட்டிக்கிட்டா என்ன பண்ணுவீங்க? அந்த டாக்டருதான மிராசுதாருக்கும் ஊசி போடுறாரு!"

"எனக்குத்தான் கையெழுத்துப் போடத் தெரியுமேடி."

"ஏன், கட்டைவிரலக் கழட்டி வச்சுட்டா போவப் போறீங்க?"

இருந்த பயத்தோடு அதுவும் சேர்ந்துகொண்டது. கட்டைவிரலில் துணி சுற்றிக்கொண்டு போனேன். மனைவி கூடவே வந்து, என் கையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

டாக்டர் என்னை மயக்கவில்லை. கண்ணை மூடி, மூச்சை மெதுவாக விடச் சொன்னார். பயமே இல்லாத இடம் எது என்று கேட்டார். மடை திறந்து வயலில் தண்ணீர் பாயும் இடம் என்றேன். அதையே தாழ்ந்த குரலில் சொல்லிச் சொல்லி, அந்த வரப்பிலேயே மிராசுதார் நடந்துவருவதாக நினைக்க வைத்தார். எனக்கு எல்லாம் காதில் விழுந்தது. முதலில் கை துண்டுக்குப் போனது. போகப் போக அடங்கியது. பிறகு தினமும் வயலில் உட்கார்ந்து நானாகவே பழகினேன்.

விசாரணையன்று தாலுகா ஆபீசில், "சாகுபடி பண்றது யாருங்க?" என்று அதிகாரி கேட்டார்.

மிராசுதார் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "என்னடா, நாக்க வூட்டுலயே வச்சுட்டு வந்துட்டியா?"

அவ்வளவுதான், கை துண்டை உருவிவிட்டது. தண்ணீர் பாயும் சத்தத்தை நினைத்தேன், வரவில்லை. மூச்சை மட்டும் மெதுவாக விட்டேன். துண்டு இடுப்புக்குப் போகாமல் கையிலேயே நின்றது.

"நான்தாங்க. உழுறது, நடுறது, அறுக்குறது எல்லாம் நான்தாங்க."

பேர் பதிவானது.

ஹிப்னாடிசம் நல்லதுதான். பிற்பாடு பீடியை விடவும், பயமில்லாமல் பல் பிடுங்கிக்கொள்ளவும் எனக்கு உதவியது. பயத்தில் வாயடைத்தவர்கள் தாராளமாகப் போகலாம். ஆனால் அந்த டாக்டர், "ஒரு பேஷன்டைப் பேச வச்சேன்" என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். வழி சொன்னது அவர், மறுக்கவில்லை. அந்த ஆபீசில் மிராசுதார் எதிரில் நின்று வாயைத் திறந்தவன் நான். இனிமேல் சொல்லும்போது அதையும் சேர்த்துச் சொல்லட்டும்.